ஒரு சாதாரணப் புதன்கிழமைக்கு வாருங்கள்: காரைக்குடியை விட்டுப் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற காரைக்குடி அண்ணன் தம்பிகளுக்கு, அக்கா தங்கைகளுக்கு,

வணக்கம். போன ஆவணியில் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பாவும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவனோடு வந்திருந்த ஆபீஸ் நண்பர் ஆசையாகக் கேட்டார்: "உங்க ஊர் காரைக்குடியா? வீடெல்லாம் அரண்மனை மாதிரி இருக்குமாமே?" பையன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "வீடுதான் இருக்கு. வேற என்ன இருக்கு அங்க? ரெண்டு நாள் சுத்திப் பாக்கலாம், அதுக்கு மேல இருக்க முடியாது."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று நாள் என்று வந்து போகிற பிள்ளை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறான். ஆனால் யார் சொல்லிக் கேட்டான்? வெளியூர்க்காரர்கள் நம் ஊரைப் பற்றி ஆசையாகத்தான் கேட்கிறார்கள். "அங்க என்ன இருக்கு" என்று முடித்துவைப்பது நாம்தான். பதினான்கு வருஷம் சென்னையில் இருந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு உரிமையும் இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

நான் கணக்கு எழுதுகிறவள். 2019-இல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தோம். அடுத்த வருஷம் கொரோனா வந்தது, வீட்டிலிருந்தே வேலை என்றானது. அப்புறம் திரும்பிப் போகத் தோன்றவில்லை. சென்னையில் மூன்று கம்பெனிக்கும் சிங்கப்பூரில் ஒன்றுக்கும் நம் ஊர் செக்காலையில் உட்கார்ந்தபடி கணக்குப் பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நேரில் போக வேண்டியிருந்தால், விடியும் முன்னே கிளம்பும் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர். 2013 வரைக்கும் திருச்சியோடு நின்றுகொண்டிருந்த வண்டி அது. இப்போது நம் ஊரிலிருந்தே புறப்படுகிறது.

இங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் அழகப்பா கல்லூரிப் பக்கம் மரத்தடியில் நடை. மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்ப இருபது நிமிஷம். சென்னையில் வேளச்சேரி பாலத்துக்கு அடியில் மட்டும் தினமும் இருபது நிமிஷம் நின்றிருக்கிறேன். மதியம் வீட்டில் சாப்பாடு, எல்லாரும் உட்கார்ந்து. கல்லுக்கட்டிக் கடைவீதியில் வேலை இருந்தால் சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். திங்கட்கிழமை என்றால் சந்தை. ஒரு வாரத்துக் காய்கறி, கூடவே சுத்துப்பட்டி ஊரிலிருந்து வந்த பாட்டிமாரின் கீரைக்கட்டு, வெள்ளரிப்பிஞ்சு. "போன வாரம் வரலியே, உடம்பு சரியில்லையா?" என்று கீரைக்காரம்மா கேட்பார். பதினான்கு வருஷத்தில் சென்னையில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் குழாயில் வருவது சம்பை ஊற்றுத் தண்ணீர். சின்ன வயசில் அதன் அருமை நமக்குத் தெரியாது. சென்னையில் கேன் தண்ணீரில் சோறு வடித்துத் திண்டாடியபோதுதான் அம்மா சொன்னது புரிந்தது: "நம்ம சாப்பாட்டு ருசியில பாதி சம்பைத் தண்ணி." ஊருக்குத் திரும்பி முதல் நாள் குழாயில் கை வைத்துப் பிடித்துக் குடித்தபோது என் கணவர் (அவர் கடலூர்க்காரர்) இன்னொரு தடவை பிடித்துக் குடித்தார்.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'செட்டிநாடு' என்று பலகை வைத்த ஓட்டல் இருக்கிறது. உள்ளே போனால் எண்ணெய் மிதக்கும் சிவப்புக் குழம்பு. உலகம் நம்மை அந்தக் காரமாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறது. எங்கள் தெரு முனையில் ஒரு ஆச்சி சாயங்காலம் வெள்ளைப் பணியாரம் சுடுவார். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்துவைப்பார். உளுந்து அளவு அவ்வளவுதான், குவிந்து நிற்கிற மட்டும். இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. காய்ந்த எண்ணெயில் குழிக்கரண்டியால் ஒன்றே ஒன்று ஊற்றுவார். அது உள்ளே போய், மெல்ல மேலே வந்து, ஓரத்தில் சரிகை பிரியும். சிவக்க விடக்கூடாது. சிவந்துவிட்டால் ஆச்சி அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார், விற்க மாட்டார். நம் ஊர்ப் பலகாரத்தின் பெருமை அந்த வெள்ளை நிறத்தில் இருக்கிறது. இது எந்த நெடுஞ்சாலைப் பலகையிலும் வராது. ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த காரைக்குடி இப்படித்தான் இருக்கிறது. பேர் வாங்கியது ஒன்று, நாங்கள் தினமும் அனுபவிப்பது வேறொன்று.

வீடுகளும் அப்படியே. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். ஆயிரம் ஜன்னல் வீட்டு முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் எடுக்கட்டும், கானாடுகாத்தானுக்கு வேன் வேனாக வரட்டும், ஆத்தங்குடித் தரைக்கல் வாங்கிப் போகட்டும். அதில் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். ஆனால் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நின்று பட்டாலைக் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மழை நாளில் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வீடு எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்று தெரியும். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் இறங்கி, மூலையில் வைத்த கிடாரத்தில் விழுகிற சத்தம். நடுப்பகல் வெயிலிலும் கல் தரை காலுக்குக் குளிர்கிறது. பர்மாத் தேக்குத் தூணுக்குச் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். மின்விசிறி இல்லாமல் மதியம் தூங்க முடிகிற வீடுகள் அவை. எங்கள் வீடு அப்படிப் பெரியது இல்லை, அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரும் நாங்கள் இல்லை. ஆனால் எதிர்வீட்டு வளவில் விளையாடித்தான் நான் வளர்ந்தேன்.

நம் ஊரை நோக்கி மற்றவர்கள் வந்த காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் நாம் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டோம். கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் மலேயாவரை தொழில் பார்த்தவர். கல்லூரி வைக்க அவருக்குச் சென்னையில் இடம் கிடைக்காமலா போயிருக்கும்? 1947-இல் காரைக்குடியில்தான் தொடங்கினார். அடுத்த வருஷமே மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மகளிர் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தவர் அவர். 48 வயது நிறையும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போட்ட விதைதான் நாம் 'சிக்ரி' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற அந்த ஆராய்ச்சிக் கூடம். பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே ஆராய்ச்சி. கடல் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் அவர்களுக்குத் தனி நிலையம் இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் இந்த ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளை பெற்று, தமிழ் பேசி, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி மாமி இருக்கிறார், கும்மாய இனிப்பு கிண்டுவதில் என் அம்மாவை மிஞ்சியவர். "இங்க என்ன இருக்கு" என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. ஊரில் பிறந்த நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் கம்பன் விழா. சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் இங்கே, அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில். சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். தலைவருக்காகவோ அமைச்சருக்காகவோ காத்திருக்கிற பழக்கமே அங்கே இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன்வரிசையில் மளிகைக்கடைக்காரரும் பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக்கு அடுத்த அடியைச் சேர்ந்து முணுமுணுப்பதைப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் என் மகன் இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்டான். டிக்கெட் கிடையாது, பார்க்கிங் சண்டை கிடையாது, முடிந்ததும் பதினைந்து நிமிஷத்தில் வீடு.

வந்தவர்களைப் போலவே போனவையும் உண்டு. ஏவி.எம். ஸ்டூடியோ நம் ஊரை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் தொடங்கியது, 1948-இல் சென்னைக்குப் போய்விட்டது. அது தொழில், போகத்தான் வேண்டும். எனக்கு ஆறாத வருத்தம் ரோஜா முத்தையா நூல்கள்தான். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர், வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் பத்திரிகையும் கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, இப்போது அவை சென்னையில் நூலகமாக இருக்கின்றன. நன்றாகப் பாதுகாக்கிறார்கள், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நம் ஊரில் அதை வைத்துக் காப்பாற்ற யாருக்கும் அன்று தோன்றவில்லையே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கோட்டையூர் இப்போது நம் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிறது.

ஆமாம், மாநகராட்சி. 1928-இல் நகராட்சியானோம், 2024-இல் மாநகராட்சியானோம். 2011 கணக்கெடுப்பில் ஊருக்குள் 1 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம் பேர். கோட்டையூர், கண்டனூர் எல்லாம் சேர்ந்த பிறகு கணக்கு வேறு. 2022-இல் அரசு சட்டக் கல்லூரி வந்தது. மினி டைடல் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊர் முடிந்துபோய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஊர் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிவிக்கிறேன்.

குறையை மறைத்து எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது. 2021-இல் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. இங்கே முதலுதவி செய்துவிட்டு, "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று சொன்னார்கள். ஆம்புலன்சில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு எந்த ஜென்மத்திலும் மறக்காது. அப்பா பிழைத்தார். எல்லார் அப்பாவும் பிழைப்பதில்லை. பெரிய வியாதிக்கு மதுரை, திருச்சி என்று ஓடுகிற நிலைமை மாறியே ஆக வேண்டும். மதுரைக்கு மேலூர் வழியாக ரயில் பாதை வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம். படித்த பிள்ளைகளுக்கு ஏற்ற சம்பளம் இங்கே குறைவு. கோடையில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஊருணிகளில் சிலவற்றைச் சுத்தமாக வைத்திருக்கிறோம், சிலவற்றைப் பார்த்தால் அழுகை வரும். மழைத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் ஊருணிக்கு ஓட வைத்தார்கள் நம் முன்னோர். அந்த வரத்துக்காலை நாம் குப்பையால் அடைத்து வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் யார் கேட்டால் நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். சென்னை ஆம்னி பஸ்களுக்கு முன்னால் முதுகுப்பையோடு இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள், பக்கத்தில் முறுக்கு டப்பாவோடு அம்மாமார். கேட்கிற வயசில், சண்டை போடுகிற வயசில் இருப்பவர்கள் எல்லாம் அந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அறுபது வயசில் திரும்பி வருகிறார்கள், மருந்துப்பெட்டியோடு. நடுவில் இருக்கிற முப்பத்தைந்து வருஷத்தை ஊர் உங்களிடமிருந்து பெறவே இல்லை.

எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நியாயமும் இல்லை. வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய வேலை உங்களில் பல பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்கள் யோசியுங்கள். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் ஒரு கிளையை இங்கே போட முடியுமா என்று பாருங்கள். பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருக்கிற ஊரில் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை.

அதைவிட முதலில், பூட்டிய வீடுகள். எனக்குப் புரியும். ஒரு வீட்டில் இருபது முப்பது புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, பங்கு. ஒருத்தர் அமெரிக்காவில், ஒருத்தர் கோலாலம்பூரில், ஒருத்தர் பேசுவதில்லை. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும். ஆனால் முடிவெடுக்காமல் விட்ட வீடுகள் கடைசியில் எங்கே போகின்றன தெரியுமா? பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வாங்கி வைத்திராவிட்டால் அந்தப் பொருட்கள் விறகாகியிருக்கும். ஒரு நாள் அங்கே ஒரு நிலைவாசலைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே கஜலட்சுமி. கீழே, கைக்கு எட்டும் உயரத்தில், மரத்தின் வரிக்குள் மஞ்சள் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமப் பொட்டு. எந்த வீட்டுப் பெண் எந்த வெள்ளிக்கிழமை வைத்த பொட்டோ. ஒரு விலைச்சீட்டு அதன் பக்கத்தில் தொங்கியது. நான் எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஒரு பகுதியையாவது குடியிருக்க விடுங்கள். கல்லூரிக்கு வருகிற ஆசிரியர்களும் சிக்ரிக்கு வருகிறவர்களும் வீடு தேடி அலைகிறார்கள். முன்பு ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஒரு அறை, தனி அடுப்பு என்று பிரித்துக் கொடுத்து வாழ்ந்த வீடுகள்தானே அவை? பல குடும்பம் சேர்ந்து இருப்பதற்கென்றே கட்டியவை. ஆள் புழங்குகிற வீட்டில் கரையான் ஏறாது என்று கொத்தனார் அண்ணன் சொல்வார்.

அப்புறம், திருவிழாவுக்கு மட்டும் வராதீர்கள். கொப்புடையம்மன் செவ்வாய்க்கும், முத்துமாரியம்மன் பால்குடத்துக்கும், கல்யாணத்துக்கும் நீங்கள் வருகிற நாட்களில் ஊர் ஊராக இருக்காது. ரோடு எல்லாம் பந்தல், ஓட்டலில் இடம் கிடையாது, மூன்றாவது நாள் களைத்துப்போய்க் கிளம்பிவிடுவீர்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமைக்கு வாருங்கள். எந்த விசேஷமும் இல்லாத நாள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். உறவினர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்காமல் ஒரு நாள் சும்மா இருங்கள். காலையில் நடங்கள், மதியம் தூங்குங்கள், சாயங்காலம் ஆச்சி கடையில் பணியாரம் சாப்பிடுங்கள், மகர்நோன்புப் பொட்டல் வரை போய் வாருங்கள். பந்தியில் அந்தப் பையன் சொன்ன பதிலை உங்கள் பிள்ளைகள் மாற்றிச் சொல்லக் கூடும்.

கடைசியாக, எங்கள் எதிர்வீட்டுக்காரர்களுக்கு. நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். காவலுக்கு இருக்கிற அண்ணனின் மனைவி வெள்ளிதோறும் முகப்பு மாடத்தில் விளக்கேற்றுகிறார். போன ஐப்பசியில் வளவின் வடக்குப் பக்கம் இரண்டு வரிசை ஓடு சரிந்து, நாம் பாண்டி ஆடிய இடத்தில் தண்ணீர் நின்றது. நானும் அந்த அண்ணனும் தார்ப்பாய் போட்டிருக்கிறோம், அது இன்னொரு மழைக்குத் தாங்காது. நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த ஒருவரைப் பள்ளத்தூரில் விசாரித்து வைத்திருக்கிறேன். புரட்டாசிக்குள் சொன்னால் வருவார், மழை தொடங்கிவிட்டால் மேலே ஏற மாட்டார். சாவி அண்ணனிடம் இருக்கிறது. வருகிற தேதியை முந்தின நாள் சொன்னால் போதும், கிணற்றடியைக் கூட்டி வைக்கச் சொல்கிறேன். காலைப் பலகாரம் எங்கள் வீட்டில்.

அன்புடன்,
செக்காலையிலிருந்து உங்கள் சகோதரி